முள்வேலியைப் பிரித்துப் போட்டவள்

பாறையடி உலகம்மையைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. மூன்று ஊருக்கு முன்னால் அவளிடம் தோற்றவன் நான். ஜெயித்தவன் எழுத உட்கார்ந்தால் தன்னைப் பற்றியே எழுதிக்கொள்வான். தோற்றவனுக்குத்தான் எதிராளியின் முகம் மறக்காது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி வாகைக்குளம் இருக்கிறது. மூன்று ஊர் அதன் தண்ணீரில் பிழைக்கிறது. மேல்மடையில் மேலவாகை, அங்கே நம்பிராஜன் அண்ணாச்சி வகையறாவின் வயல்கள். நடுமடையில் பேட்டை, தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள். கடைசி மடையில் கீழவாகை. அங்கே பாதிப்பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். குளத்துக்குத் தண்ணீர் வருவது மேற்கே இருக்கும் வாகைப் பொத்தையிலிருந்து. மலை என்று சொல்ல உயரம் போதாது, மேடு என்று சொன்னால் ஏறும்போது மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட குன்றுக்கு எங்கள் பக்கத்தில் பொத்தை என்று பெயர். அது மூன்று ஊருக்கும் பொது. பொது என்றால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று எங்களுக்கு அர்த்தம்.

பொத்தையின் அடியில் முப்பத்தொரு வீடுகள். அதுதான் பாறையடி. குளத்துப் பாசனத்தில் அந்த வீடுகளுக்கு ஒரு பாத்தி நிலம் கிடையாது. ஆண்கள் மலையாளக்கரைத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் பொத்தையில் விறகு வெட்டி, தலைச்சுமையாகக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் கொண்டுபோய் விற்பார்கள். உலகம்மை பதினெட்டு வயதில், 1920-ல், அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் மாடக்கண்ணு ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தான். மூன்றாம் வருஷம் அவனுக்குப் பதில் அவன் காய்ச்சலில் செத்துப்போன செய்தி வந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் அழுது முடித்து நாலாம் நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு பொத்தைக்குப் போனாள் என்று சொல்வார்கள்.

அவளுடைய புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆனி ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். ஐந்தருவிப் பக்கம் கடை போட்டவர்களுக்கு ஈர விறகு அடுப்பில் புகைந்து கண்ணைக் கரிக்கும். அந்த நாளில் காய்ந்த விறகு வைத்திருந்தவள் உலகம்மை ஒருத்திதான். மாசி பங்குனியிலேயே வெட்டி, பொத்தையில் ஒரு பாறை இடுக்கில் நனையாமல் அடுக்கி வைத்துவிடுவாள். நாலு மாதம் கழித்து வரப்போவதை அவள் யோசித்தாள். நாங்கள் படித்தவர்கள், அந்தந்த நாளை யோசித்தோம்.

நான் சங்கரநாராயணன், மேலவாகைத் தொடக்கப்பள்ளி வாத்தியார். 1937-ல் மூன்று ஊரும் சேர்ந்து குளத்துக்கு ஒரு கமிட்டி வைத்தபோது, அழகாக எழுதுவேன் என்பதற்காக என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். அப்படி ஒரு கமிட்டி ஏற்பட்டதே பெரிய காரியம். அதற்கு முன்னால் மூன்று ஊரும் சேர்ந்து செய்தது தண்ணீர்ச் சண்டை ஒன்றுதான். ஆனால் குளம் பாதிக்கு மேல் மண் மேடாகிவிட்டது. ஒரே மழையில் நிரம்பும், ஒரே மாதத்தில் வற்றும். வருஷா வருஷம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாரினாலும் அடுத்த மழை அந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியது.

"பொத்தைய மொட்டையடிச்சா மண்ணு வராம பின்ன பூவா வரும்?" என்றார் நம்பிராஜன் அண்ணாச்சி. அவர்தான் கமிட்டித் தலைவர்.

மொட்டையடித்தது யார் என்று பேச்சு வந்தது. ஆடுகள் எல்லார் வீட்டிலும் இருந்தன, அதனால் யாரும் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை. விறகு வெட்டும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபமாகப் போயிற்று.

திட்டம் என்னுடையது. ஒரு படம் வரைந்து, பொத்தையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன். அந்தக் கோடுதான் முள்வேலி. உள்ளே யாரும் போகக்கூடாது, ஐந்தே வருஷத்தில் காடு தானாக வளரும் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பேட்டை மசூது பாய் மட்டும், "கோடு நல்லாருக்கு வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடத் தொடங்கினார். கொடிக்கால்காரர், மண்ணைத் தெரிந்தவர். அவர் மேற்கொண்டு பேசாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் உலகம்மை வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, தலையில் சும்மாடு.

"வேலிக்கு முள்ளு எங்கன வெட்டுவீய, வாத்தியாரய்யா?"

"பொத்தையிலதான். இலந்தையும் உடைமுள்ளும் அங்க சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்கலய்யா. மண்ணப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

"ஒனக்கு வெறகு போகுதேன்னு பேசுத. போ, எனக்குப் பாடம் நடத்தணும்."

அவள் போய்விட்டாள். நான் உள்ளே வந்து நாலாம் வகுப்புக்கு நீரின் சுழற்சியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்திரையில் வேலி எழும்பியது. நாற்பது வண்டி முள், எல்லாம் பொத்தையின் சரிவிலேயே வெட்டியது. மரம் ஏற்கெனவே இல்லை. மிச்சமிருந்தது அந்த முட்புதர்தான். அதையும் வேரோடு மழித்து, மழித்த பொத்தையைச் சுற்றி மாலையாகப் போட்டோம். பாறையடிப் பெண்களின் முப்பத்தொரு அரிவாளையும் பிடுங்கிப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று பழமொழி சொல்வார்கள். எங்கள் ஊரில் அது நிஜமாகவே நடந்தது.

ஆனியில் சாரல் வந்தது, பொத்தையிலிருந்து இறங்கும் ஓடை செங்காவியாக வந்தது. ஐப்பசி மழைக்கு வந்ததைத் தண்ணீர் என்றே சொல்ல முடியாது, அது குழம்பு. ஓடை வந்து சேரும் குளத்து வாயில் இடுப்பளவு புதுமண் ஏறியது. பாறையடியில் அந்த வருஷம் அடுப்பு எரிந்த நாட்கள் குறைவு. பெண்கள் நாற்று நடவும் களை பறிக்கவும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடினார்கள். குளமே இல்லாதபோது யார் நடவுக்குக் கூப்பிடுவது? இரண்டு குடும்பங்கள் பானை சட்டியோடு மலையாளக்கரைக்குப் போய்விட்டன.

கீழவாகையில் கடைசி மடையின் கடைசி வயல் சுகிர்தத்துடையது. அவளும் விதவை. ஐப்பசியில் நட்ட பிசான நெல் தை மாதம் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது, பயிர் நின்ற நிலையிலேயே கருகியது. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவள் அழைக்காமலே வந்தாள்.

"எனக்கு வேலி வேண்டாம் அண்ணாச்சி, தண்ணிதான் வேணும். இருவது வருசமா அந்தப் பொத்தையிலேயே கெடக்கவள ஒரு வார்த்த கேட்டியளா?"

அவள் அங்கிருந்தே நடந்து பாறையடிக்குப் போனாள். சுத்துப்பட்டில் நிலம் வைத்திருக்கிற ஒருத்தி பாறையடிக்கு யோசனை கேட்டுப் போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து உலகம்மை சொன்னதை அப்படியே சொன்னாள். "நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். அவிய பொத்தைக்கு வரட்டும்."

மானம் போகும் என்று நான் தடுத்தேன். நம்பிராஜன் அண்ணாச்சி கருகிப்போன தன் வயலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மானத்த வச்சு நாத்து நடவா?" என்று கேட்டுக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். மாசி மாதம் ஒரு காலையில் அவரும் மசூது பாயும் சுகிர்தமும் நானும் பொத்தை ஏறினோம். உலகம்மை முன்னால் போனாள். பாறையடிப் பெண்கள் பின்னால் வந்தார்கள்.

அவள் எங்களை ஓர் ஒற்றையடிப் பாதையில் கூட்டிப்போனாள். அது அவர்கள் சுமை இறக்கும் பாதை. சுற்றிலும் சரிவு முழுவதும் மழை கீறிக் கீறி வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பாதை மட்டும் சேதமில்லாமல் இருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் குறுக்கே முள்ளைப் போட்டுக் கல்லால் அமுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் மேல்பக்கம் மண் தேங்கி, அதில் புல் முளைத்திருந்தது.

"சொமையோட எறங்கும்போது பாதை கரைஞ்சா கழுத்து முறியும்லா, அதுக்குப் போட்டது," என்றாள் உலகம்மை. "ஒங்க வேலிய பிரிச்சுக் குடுங்க. பொத்தை பூரா இப்பிடிப் போட்டா மண்ணு எங்கன எறங்கும்?"

மசூது பாய் குனிந்து அந்தப் புல்லடி மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். கொடிக்காலுக்குப் போடலாம் போன்ற மண். "நான் அன்னைக்கே வாயத் தொறந்திருக்கணும்," என்றார்.

அவளுடைய ஏற்பாடு இதுதான். அரிவாளைத் திருப்பித் தரவேண்டும். பச்சை மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. காய்ந்த கொப்பும் காட்டை அடைக்கிற உண்ணிமுள் புதரும் மட்டும் விறகு. பொத்தையை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை ஆடு, ஆள் இரண்டுக்கும் மூடவேண்டும். காவல் பாறையடிப் பெண்களுடையது. யார் வீட்டு ஆடு மூடின பங்குக்குள் வந்தாலும், அந்த வீட்டார் பத்துக்கூடை கல் சுமந்து பொத்தைக்கு ஏற்ற வேண்டும்.

"எல்லாஞ் சரி. அதுக்குப் பொறவும் மண்ணு வந்தா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"வந்தா நாங்க பொத்தைய விட்டுப் போயிருதோம். முப்பத்தொரு வீடும்."

பின்னால் நின்ற பெண்களிடம் ஒரு சலசலப்பு. குருவம்மாள் என்பவள் எங்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டாள். "யாரக் கேட்டுட்டி வாக்குக் குடுத்த? எம்பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் எங்கன போவேன்?"

"இப்ப மட்டும் இருக்கமா?" என்றாள் உலகம்மை. "அரிவா இல்லாம இன்னும் ஒரு வருசம் போனா எப்பிடியும் போவோம்லா."

குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாக்கால் அளந்தால் நாளைக்கு மாறும், கல்லால் அளப்போம் என்றார் மசூது பாய். குளத்து வாயில் ஒரு கருங்கல்லை நட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உளியால் கோடு போட்டோம். மூன்று மழைக்காலம் அந்த இடத்தில் யாரும் தூர் வாரக்கூடாது. 1941 சித்திரையில் குளம் வற்றும்போது மண் அந்தக் கோட்டைத் தொட்டிருந்தால் பாறையடி காலி. தொடவில்லை என்றால் பொத்தையின் காவல் நிரந்தரமாக அவர்களுக்கு.

நாற்பது வண்டி முள்ளும் வந்த வழியே பொத்தைக்குத் திரும்பியது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று மூன்று ஊரும் ஏறியது. அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். நம்பிராஜன் அண்ணாச்சி வகையறா மீசைக்காரர்கள் முள்கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பாறையடிப் பெண்கள் இடுப்பில் கைவைத்து, "அங்கன இல்ல மொதலாளி, ரெண்டடி மேல" என்கிறார்கள். கீறல் கீறலாகப் பிளந்த நூற்று நாற்பத்தேழு இடங்களில் குறுக்கே முள் போட்டுக் கல் அமுக்கினோம். எண்ணியது நான். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டாம் மாதமே சோதனை வந்தது. மூடின பங்குக்குள் பதினாறு வெள்ளாடுகள். உலகம்மை அவற்றை ஓட்டிவந்து மேல்மடை ஆலமரத்தில் கட்டிப்போட்டாள். ஆடுகள் தலைவர் வீட்டு ஆடுகள். மூன்று ஊரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. அண்ணாச்சியின் மூத்த மகன் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"விடுலே," என்றார் அண்ணாச்சி. "ஏட்டி, கூடை எங்க இருக்கு?"

ஒன்பது கூடையை மகன்கள் சுமந்தார்கள். பத்தாவதை அவரே தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். ஐம்பத்தைந்து வயது, தொந்தி வேறு. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். உலகம்மை தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் வீட்டு ஆடும் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த சாரலுக்கே ஓடைத் தண்ணீரில் காவி குறைந்தது. மறுவருஷம் முள்ளுக்குப் பின்னால் தேங்கிய மண்ணில் இலந்தை தழைத்தது, கொன்றையும் நெல்லியும் தானாக முளைத்தன. மலையாளக்கரைக்குப் போன இரண்டு குடும்பங்களும் திரும்பி வந்தன. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

1940 ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. மூன்றாம் நாள் முற்பகலில் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து பார்த்தேன், ஓடை மறுபடியும் சிவப்பாக ஓடியது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பொத்தையின் பெரிய கீறலான நரிப்பள்ளத்தில் மேலே மூன்று முள்ளணைகள் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. நாலாவதும் போனால் கீழே இருக்கிற அத்தனையும் வரிசையாகப் போகும். பாறையடிப் பெண்கள் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த நாலாவதைக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை, மூன்று ஊரும் வந்தது. மசூது பாய் விழுந்த தென்னைமரங்களை ஆறு ஜோடி மாட்டால் இழுத்துக்கொண்டு வந்தார். கீழவாகையிலிருந்து சுகிர்தம் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி வகையறா கல் புரட்டியது. நான் முள்ளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன், வேறு எதற்கும் நான் லாயக்கில்லை. "வாத்தியாரய்யா, அசையாதீய," என்று உலகம்மை சொல்லிவிட்டுப் போனாள். அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் தென்னைமரம் குறுக்கே விழுந்து, கல் ஏறி, அணை நின்றது. நெஞ்சில் கிழித்த முள் எனக்கு அன்றைக்கு வலிக்கவே இல்லை.

ஆனால் அரைநாள் மண் வந்துவிட்டது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கல் தண்ணீருக்குள் இருந்தது. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்கள் போயின. குளம் தளும்பி நின்றது. மாசியில் சுகிர்தம் கடைசி மடையில் முழு விளைச்சல் அறுத்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கீழவாகைக் களத்தில் அவள் நெல் குவிந்தது. ஊரே சந்தோஷப்பட்ட அந்த நாட்களிலும் உலகம்மை குளத்து வாயைப் பார்த்துக்கொண்டே சுமையோடு போவாள். முப்பத்தொரு வீடும் தன் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

சித்திரை இரண்டாம் வாரம் குளத்து வாய் வறண்டது. காலையில் மூன்று ஊரும் பாறையடியும் கூடியது. கல்லைச் சுற்றிக் காய்ந்த பாசி மூடிக் கிடந்தது. மசூது பாய் அதைக் கையால் வழித்தார். உலகம்மை கிட்டே வரவில்லை, கரைமேலேயே நின்றுவிட்டாள். குருவம்மாள்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாசிக்குக் கீழே கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழேயும் கல் தெரிந்தது. அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை வைத்து அளந்தார். மூன்று மழைக்காலத்தில் ஏறிய மண் நாலு விரற்கடை. அதில் பெரும்பாதி அந்த அரைநாளில் வந்ததாகத்தான் இருக்கும். அவர் எழுந்து கரையைப் பார்த்து, "உலகம்மை, எறங்கி வந்து பாரு," என்றார். 'ஏட்டி' என்று கூப்பிடுவது போய்விட்டது, அதை நான் கவனித்தேன்.

அவள் பார்க்குமுன்பே பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். முப்பது பேர் குலவை பொத்தையில் மோதித் திரும்பி வந்தது. உலகம்மை கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டைத் தடவிப் பார்த்து, வாய்விட்டு அழுதாள். மாடக்கண்ணு செத்ததற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

அங்கேயே காகிதம் எழுத உட்கார்ந்தேன். 'பாறையடிப் பெண்களுக்குப் பொத்தையில் அனுமதி வழங்கப்படுகிறது' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். உலகம்மை மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அனுமதின்னா குடுத்தவிய நாளைக்கு எடுத்துக்கிடலாம்லா. காவல்னு போடுங்க. ஒவ்வொருத்தி பேரையும் எழுதுங்க. எங்களுக்குப் பொறவு எங்க மக்கமாருன்னும் எழுதுங்க."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"என்னைய என்னவே பாக்கீரு? அவ சொல்லுதபடி எழுதும்," என்றார் அவர்.

புதுக் காகிதம் எடுத்தேன். வாகைப் பொத்தையின் காவல் இவர்களுடையது என்று தொடங்கி முப்பத்தொரு பெயரையும் எழுதினேன். மை தொட்டு முப்பத்தொரு கட்டைவிரலும் வரிசையாகப் பதிந்தது. காகிதம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கமிட்டிக்காரர்கள் எங்கே கையெழுத்துப் போடுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, உலகம்மை காகிதத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரல்களுக்குக் கீழே நம்பிராஜன் அண்ணாச்சி போட்டார், மசூது பாய் போட்டார், கீழவாகைக்காகச் சுகிர்தம் போட்டாள். எல்லாருக்கும் கீழே, இருந்த கொஞ்சம் இடத்தில், நான் என் பெயரை எழுதினேன்.